ஊதுகிறவருக்குப் பிடித்த உருப்படி

திருவனந்தபுரம் நேப்பியர் அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்கள், சிஷோம் வடிவமைத்து 1880இல் கட்டி முடிந்த அந்தக் கட்டடத்தின் வண்ணச் சுவர்களையும் கூரை முகடுகளையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதே வளாகத்தில் நிற்கும் பேண்ட் மேடையை நின்று பார்ப்பவர்கள் குறைவு. மாலை நடைக்கு வரும் நகரத்தாருக்காகப் பேண்டு வாத்தியம் வாசிக்கவென்றே அமைத்த மேடை அது. திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கு நாயர் பிரிகேட் என்ற படை இருந்தது. படைக்கு ஒரு பேண்டும் இருந்தது. இன்றும் போலீஸ் பேண்ட், ராணுவ பேண்ட், பள்ளிக்கூட பேண்ட், தேவாலயத் திருவிழாக்களின் பேண்ட் செட் என்று காற்றுக்கருவிக்காரர்களுக்குக் குறைவில்லாத ஊர் இது. எந்த விழாவில், எந்த ஊர்வலத்தில் இவர்கள் வாசித்தார்கள் என்பது செய்தியாகப் பதிவாகிறது. எதை வாசிக்கும்போது இவர்களுக்கே மனம் நிறைகிறது என்று கேட்டவர்கள் அதிகம் இல்லை.

கேட்கிறவருக்குப் பிடித்ததும் ஊதுகிறவருக்குப் பிடித்ததும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. கேட்கிறவருக்கு மெட்டு போதும். ஊதுகிறவர் மூச்சாலும் உதட்டாலும் அந்த மெட்டைத் தாங்கியாகவேண்டும். கார்னெட்டில் மேல் ஸ்தாயியிலேயே நிற்கும் பாட்டு எவ்வளவு இனிமையானதாக இருந்தாலும் சில நிமிடங்களில் உதடு தளர்ந்துவிடும். எங்கே மூச்சு வாங்குவது என்று இடம் விடாத பாட்டு வெயிலில் நடந்துகொண்டே ஊதுகிறவரைத் தண்டித்துவிடும். இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. பேண்ட் என்பது இருபது முப்பது பேர் சேர்ந்த கூட்டம். முதல் கார்னெட்டுக்கும் முதல் கிளாரினெட்டுக்கும் எல்லாப் பாட்டிலும் வேலை இருக்கும். மூன்றாம் கார்னெட்டுக்கு என்ன வேலை, யூஃபோனியத்துக்கு என்ன, டியூபாவுக்கு என்ன என்று பார்த்தால்தான் ஓர் உருப்படி அந்தக் கூட்டத்துக்குப் பிடித்ததா என்று தெரியும். என் கணிப்பு இதுதான்: தன் கருவிக்கு மரியாதையான வேலை தரும் உருப்படியையே ஊதுகிறவர் நேசிக்கிறார். தென்திருவிதாங்கூரின் பேண்ட் இசையை இந்தக் கண்ணோடு பார்த்தால் இருநூறு ஆண்டுக் கதை ஒன்று துலங்குகிறது. அதன் தொடக்கம் இந்த ஊரில் இல்லை. சென்னைக் கோட்டையிலும் தஞ்சாவூர் அரண்மனையிலும் இருக்கிறது.

முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பம் சென்னைக்கு வடக்கே மணலியில் முதலியார் ஒருவரின் ஆதரவில் வாழ்ந்தபோது, புனித ஜார்ஜ் கோட்டையில் கம்பெனிப் படையின் பேண்ட் வாசிப்பதைக் கேட்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைத்தது. தம்பி பாலுசுவாமி அங்கேதான் வயலின் கற்றார். அண்ணன் அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். நொட்டுஸ்வர சாகித்தியங்கள் என்று நமக்குக் கிடைத்திருப்பவை நாற்பதுக்குச் சற்றுக் குறைவானவை. ‘சந்ததம் பாஹிமாம்’ இங்கிலாந்து மன்னர் வாழ்த்தின் மெட்டு. ‘சக்தி ஸஹித கணபதிம்’ இன்றும் குழந்தைகள் முதலில் கற்கும் உருப்படிகளில் ஒன்று. எல்லாமே சங்கராபரணத்தின் ஸ்வரங்களில், கமகம் ஏறாமல் நேராக நடப்பவை. பாடகர்கள் இவற்றைச் சிறு உருப்படிகளாகவே வைத்திருக்கிறார்கள். காற்றுக்கருவிக்காரனின் பக்கம் நின்று பார்த்தால் மதிப்பு வேறு: கர்நாடக இசையின் கையிருப்பில், பேண்டுக்கு எந்த மாற்றமும் செய்யாமல் அப்படியே ஊதக்கூடிய முதல் தொகுதி இதுதான். பேண்டிலிருந்து வந்ததால் பேண்டுக்கே திரும்பிப் போகவும் முடிகிறது.

தஞ்சையில் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) ஐரோப்பிய முறைப் பேண்ட் ஒன்றை வைத்துப் போற்றினார். அந்த அரண்மனைச் சூழலில் வளர்ந்தவர்கள் தீட்சிதரின் மாணவர்களான சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நால்வர். இவர்களில் வடிவேலு திருவனந்தபுரம் வந்து சுவாதித் திருநாளின் அவையை அலங்கரித்தார். 1834இல் மன்னர் அவருக்குத் தந்தத்தால் ஆன வயலின் பரிசளித்தார். மேற்கத்தியக் கருவி ஒன்றை நம் கச்சேரிக்குள் நிலைநிறுத்தியதில் அந்த அவைக்குப் பங்குண்டு. திருவனந்தபுரத்தின் நவராத்திரி மண்டபத்தில் இன்றும் ஒன்பது நாளுக்கு ஒன்பது ராகம் என்று வகுத்த முறையில் முதல் நாள் சங்கராபரணம். அதைப் பேண்டோடு நான் இணைக்கவில்லை. அந்த மண்டபத்தின் சங்கராபரணம் கமகத்தில் ஊறியது, பேண்டின் சங்கராபரணம் நேர்க்கோடு. ஒரே ஊரில் ஒரே ஸ்வரங்கள் இரண்டு வாழ்க்கை வாழ்ந்தன என்பதையே சொல்கிறேன்.

அந்த இரண்டு வாழ்க்கையையும் அறிந்து ஒரு பாலம் போட்டவர் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். 1877இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். மைசூர் சமஸ்தானத்தின் ஆஸ்தான வித்துவான். நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் அரண்மனையில் ஆங்கில பேண்டும் கர்நாடக பேண்டும் தனித்தனியே இருந்த காலம் அது. 1939இல் திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் இசைக் கழகம் தொடங்கியபோது அதன் முதல்வராக வந்தார். 1943இல் ‘சங்கீத கல்பத்ருமம்’ என்ற நூலுக்காகத் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் அளித்தது. சுவாதித் திருநாளின் கிருதிகளைத் தேடித் தொகுத்துப் பதிப்பித்த இந்த அறிஞரின் பெயர் சாதாரண ரசிகரிடம் நிலைத்திருப்பதற்கு அவர் ஆக்கிய ‘இங்கிலீஷ் நோட்’ என்ற உருப்படி ஒரு பெரிய காரணம். அவருடைய மாணவர் மதுரை மணி ஐயர் கச்சேரிகளில் பாடிப் பாடி அதை ஊரறியச் செய்தார். நாகஸ்வரக்காரர்கள் அதைத் தங்களுடையதாகவே ஆக்கிக்கொண்டார்கள். கல்யாண ஊர்வலத்திலும் கோயில் புறப்பாட்டிலும் தமிழகம் முழுக்க அது ஒலித்திருக்கிறது.

ஏன் அது ஊதுகிறவர்களுக்கு இவ்வளவு பிடித்தது? வாக்கியங்கள் சிறியவை, ஒவ்வொன்றின் முடிவிலும் மூச்சுக்கு இடம் இருக்கிறது. ஸ்வரங்கள் படிப்படியாக ஏறாமல் தாவுகின்றன. ச–க–ப என்று தாவுவது குரலுக்கு முயற்சி. பித்தளைக் கருவிக்கு அது பிறவிக்குணம். கார்னெட்டிலோ டிராம்போனிலோ விரலையும் சறுக்குக் குழாயையும் அசைக்காமல் உதட்டின் இறுக்கத்தை மட்டும் மாற்றினாலே ச, ப, மேல் ச, மேல் க என்று ஒலிகள் அடுக்காகக் கிளம்பும். குழாயின் இயற்பியல் அப்படி. பித்தளைக் குழாயில் இயல்பாகக் கிடைக்கும் அந்த ஒலிகளை ஒரு மெட்டு பயன்படுத்தும்போது கருவி தானே பாடுவதாக ஊதுகிறவர் உணர்கிறார். இந்த இன்பம் சபையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது.

இதே காரணத்தால்தான் பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் (1845–1902) ‘ரகுவம்ச சுதாம்புதி’ பேண்டுக்காரர்கள் முதல் சாக்ஸபோன், கிளாரினெட் வித்துவான்கள் வரை எல்லோருக்கும் வாய்த்த உருப்படியாக இருக்கிறது. கதனகுதூகலம் அவரே ஆக்கிய ராகம். சங்கராபரணத்தின் பிள்ளை, ஆனால் ஏறும்போது ச ரி ம த நி க ப ச என்று, நிஷாதத்துக்குப் பின் யாரும் எதிர்பாராத காந்தாரத்துக்குத் தாவி ஏறும். இறங்கும்போது ஏழு ஸ்வரமும் வரிசையாக வரும். ஏற்றத்தில் தாவல், இறக்கத்தில் ஓட்டம். முதலாவது பித்தளைக் கருவிகளின் பலம், இரண்டாவது மரக்கருவிகளின் பலம். சிட்டைஸ்வரத்தை ஒரு நல்ல கிளாரினெட் வரிசை ஒரே நாக்கில் ஊதி முடிக்கும்போது அந்த வரிசைக்குள் எழும் பெருமிதம் எனக்கு மிகவும் மதிப்புக்குரியது. பேண்டை மனத்தில் வைத்து ஐயர் இதை ஆக்கினாரோ இல்லையோ, பேண்டின் கைக்கு இவ்வளவு பொருந்திய கிருதி வேறொன்றை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பொருந்தாதவற்றையும் சொல்லவேண்டும். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது. மூன்று பிஸ்டன் உள்ள கார்னெட்டில் அதற்கு வழியில்லை. ஸ்வரங்களைத் துண்டு துண்டாகத்தான் தரமுடியும். மோகனம், ஹம்சத்வனி, கல்யாணி பேண்டில் ஓரளவு பிழைக்கும். தோடி, சஹானா, பேகடா தங்கள் முகத்தை இழந்துவிடும். இந்த எல்லையை உடைத்தவர்கள் கூட்டத்திலிருந்து பிரிந்து தனிக் கலைஞர்கள் ஆனார்கள். கிளாரினெட்டின் திறந்த துளைகளை விரலால் பாதி மூடிக் குழைக்கலாம் என்பதால் அது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சதிர்ச் சின்ன மேளத்துக்குள் வந்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டில் ஏ.கே.சி. நடராஜன் அதை முழுக் கச்சேரிக் கருவியாக்கினார். கதிரி கோபால்நாத் சிறுவயதில் மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கி, அதை ராகத்துக்கு வளைக்கப் பல ஆண்டுகள் உழைத்தார். இருவரும் பெரும் சாதனையாளர்கள். ஆனால் அவர்கள் வென்றது தனி ஒருவருக்கான இடம். பேண்டில் மூன்றாவது வரிசையில் நிற்பவரின் நிலை அதனால் மாறவில்லை.

திருவனந்தபுரத்தில் அந்த மூன்றாவது வரிசைக்காரரின் வேலை நாள் எப்படிப்பட்டது என்று ஊர்வலங்களைப் பார்த்தால் புரியும். பத்மநாபசுவாமி கோயிலின் பங்குனி, ஐப்பசி உற்சவங்கள் முடியும் ஆராட்டு நாளில் ஊர்வலம் கோட்டையிலிருந்து சங்குமுகம் கடற்கரை வரை போகிறது. வழியில் விமான நிலையத்தின் ஓடுதளத்தையே கடக்கிறது, அதற்காக விமானங்கள் சில மணி நேரம் நிறுத்தப்படுகின்றன. நவராத்திரிக்கு முன் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி, வேளிமலையிலிருந்து குமாரசுவாமி, சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கை என்று மூன்று விக்கிரகங்கள் திருவனந்தபுரம் வருகின்றன. 1956 நவம்பர் 1 வரை ஒரே ஆட்சி எல்லைக்குள் நடந்த பயணம். அதன் பிறகு களியக்காவிளையில் மாநில எல்லையைத் தாண்டுகிறது, இரு மாநிலப் போலீசாரும் அணிவகுப்பு மரியாதை செய்கிறார்கள். சமஸ்தானக் காலத்தில் இத்தகைய அரசு நிகழ்ச்சிகளில் கவிஞர் உள்ளூர் எஸ். பரமேஸ்வர ஐயர் எழுதிய வஞ்சீச மங்களம் அரச வாழ்த்தாக இருந்தது. மரியாதை இசை என்பது ஊதுகிறவருக்கு இறுக்கமான வேலை: அசையாமல் நின்று, ஒரு ஸ்வரமும் பிசகாமல், சில வினாடிகளில் முடிக்கவேண்டும். அதில் பொறுப்பு உண்டு, விளையாட இடமில்லை.

விளையாட இடம் தருவது மார்ச். ஜான் பிலிப் சூசாவின் ‘ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ் ஃபார் எவர்’ (1896), கென்னத் ஆல்ஃபோர்டின் ‘கர்னல் போகி’ (1914) போன்றவை உலகெங்கும் படைப் பேண்டுகளின் கையிருப்பில் நூறாண்டு தாண்டி நிற்பதற்குக் காரணம் மெட்டு மட்டும் அல்ல. மார்ச்சின் பின்பாதியை ட்ரியோ என்பார்கள். அங்கே சுருதி மாறும். முன்பு மத்யமமாக இருந்த இடம் இப்போது ஆதார ஷட்ஜம் ஆகிவிடும். நம் இசையில் மத்யம சுருதி வைத்துக்கொள்ளும்போது கிடைக்கும் அதே தணிந்த நிறம் அங்கே கிடைக்கிறது. அந்தத் தணிவில் மேல்வரிசை மெட்டை வாசிக்க, யூஃபோனியமும் டிராம்போனும் அதற்கு எதிர்மெட்டு ஒன்றைப் பாடும். அதுவரை தாளத்துக்கு ‘பும்’ போட்டுக்கொண்டிருந்தவனுக்குத் தன் பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல இருக்கும். பேண்டில் பலகாலம் இருந்தவர்கள் ட்ரியோவுக்காகவே ஒரு மார்ச்சை விரும்புவதில் வியப்பில்லை.

ஞானப்பாட்டுகளின் கதையும் இப்படித்தான். சால்வேஷன் ஆர்மியின் தென்மேற்கு இந்தியப் பிராந்தியத் தலைமையகம் திருவனந்தபுரம் கவடியாரில் இருக்கிறது. பித்தளை பேண்டை ஊழியத்தின் அங்கமாகவே வைத்த சபை அது. தென்திருவிதாங்கூரில் நாகர்கோவில் வட்டாரம் வரை அதன் வேர் ஓடுகிறது. நான்கு குரலுக்கு எழுதிய ஞானப்பாட்டை பேண்டில் பிரித்துக் கொடுத்தால் கீழ்க்குரலும் நடுக்குரலும் மெட்டுக்குச் சமமான கண்ணியத்தோடு நடக்கும். கார்வை நீளம், சுருதி சேர்ந்ததா என்று ஒருவரை ஒருவர் கேட்க நேரம் இருக்கும். பயிற்சியின் தொடக்கத்தில் பேண்ட் மாஸ்டர்கள் இத்தகைய மெதுவான பாட்டுகளை ஊதச் சொல்வது இதற்காகத்தான். டெல்லியில் குடியரசு விழாவின் பீட்டிங் ரிட்ரீட் நிகழ்ச்சியில் காந்தியடிகளுக்குப் பிடித்த ‘அபைட் வித் மீ’ பல பத்தாண்டுகள் ஒலித்தது. 2022இல் அதை நீக்கி ‘ஏ மேரே வதன் கே லோகோ’ சேர்த்தார்கள். அந்த முடிவைச் சுற்றி அரசியல் பேசியவர்கள் பலர். இரண்டுமே உருக்கமானவை. ஊதுகிறவருக்கு இரண்டும் ஒன்றல்ல என்பது மட்டும் என் கருத்து: முன்னது நாலு குரலுக்காகவே எழுதப்பட்ட இசை, பின்னது ஒரு பாடகியின் தனிக்குரலுக்கு எழுதப்பட்டது. அதை பேண்டுக்கு ஏற்றதாக்க, அதை எழுதித் தருபவரின் திறமை முழுவதும் தேவைப்படும்.

இங்கேதான் நம் பேண்டுகளின் குறை தெரிகிறது. சினிமாப் பாட்டோ கிருதியோ பக்திப் பாட்டோ, பெரும்பாலும் எல்லாக் கருவியும் ஒரே மெட்டை ஊதுகின்றன, தோல் கருவிகள் தாளம் தருகின்றன. எல்லோருக்கும் மெட்டு கிடைக்கிறது என்பதில் ஒரு சமத்துவம் உண்டு, அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆயினும் யூஃபோனியம் யூஃபோனியமாகவே பேசும் தருணம் அதில் வருவதில்லை.

குஸ்தாவ் ஹோல்ஸ்ட் இங்கே நினைவுக்கு வருகிறார். பிழைப்புக்காக டிராம்போன் ஊதியவர். சமஸ்கிருதம் கற்று ரிக்வேதப் பாடல்களுக்கு இசை அமைத்தவர். அந்த ஆண்டுகளிலேயே, 1909இல், படை பேண்டுக்கென்று ‘முதல் ஸூட்’ என்ற இசைத்தொகுதியை எழுதினார். பிற இசைவடிவங்களை வெட்டிச் சுருக்கித் தராமல் காற்றுக்கருவிக் கூட்டத்துக்கென்றே பெரிய இசையமைப்பாளர் ஒருவர் எழுதிய படைப்புகளில் அதற்குத் தனி இடம் உண்டு. சுருதி ஈ ஃபிளாட். நம் கணக்கில் இரண்டரைக் கட்டை, பாரி நாகஸ்வரத்துக்குப் பழகிய சுருதி. சங்கராபரண ஸ்வரங்களில் எட்டு ஆவர்த்த நீளமுள்ள ஒரு வாக்கியம். அதை முதலில் வாசிப்பது கார்னெட் அல்ல, யூஃபோனியமும் டியூபாவும். அந்த வாக்கியம் கூட்டம் முழுவதும் சுற்றிவருகிறது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முறை வருகிறது. நம் பல்லவியில் ஒரு வரியை வைத்துக்கொண்டு நிரவல் செய்வதற்கு இது தொலைவில் இல்லை. உலகெங்கும் காற்றுக்கருவிக்காரர்கள் தங்களுக்குப் பிடித்த உருப்படிகளைச் சொல்லத் தொடங்கினால் இந்த ஸூட் தவறாமல் வருவதன் ரகசியம் அந்தப் பங்கீடு.

இசையமைப்பாளர் பெர்சி கிரெய்ங்கர் இன்னொரு படி போனார். இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் நாட்டுப்புறப் பாடகர்களின் குரலை ஒலிப்பதிவு உருளைகளில் பதிந்துவைத்து, அவர்கள் தாளத்தைத் தளர்த்தியும் இழுத்தும் பாடிய விதத்தை அப்படியே ‘லிங்கன்ஷயர் போஸி’ (1937) என்ற ஆறு பகுதி பேண்ட் இசையாக்கினார். மில்வாக்கியில் முதல் முறை அரங்கேறியபோது எல்லாப் பகுதிகளையும் வாசிக்க இயலாமல் சிலவற்றையே வாசித்தார்கள். இன்று அதுவும் பிடித்தவற்றின் வரிசையில் இருக்கிறது. தாளக்கட்டு இல்லாத விருத்தத்தை ஒரு கூட்டம் சேர்ந்து ஊதமுடியுமா என்ற கேள்விக்கு அது ஒரு விடை. ஓதுவாரின் விருத்தத்தை, வில்லுப்பாட்டின் இழுப்பை, நாஞ்சில் நாட்டுத் தாலாட்டை இப்படி எழுதிப் பார்க்க நமக்கு என்ன தடை?

கேரளத்தின் சொந்த மரபிலும் இதற்கு முன்மாதிரி கிடைக்கும். செண்டை மேளத்தில் கொம்பும் குழலும் வரிசையாக நிற்கின்றன. வளைந்த கொம்புக்குத் துளையும் இல்லை, பிஸ்டனும் இல்லை. கிடைக்கும் சில ஒலிகளை வைத்தே மேளத்தின் காலங்களுக்கு அது எடுப்பும் முடிப்பும் தருகிறது. பூரங்களில் கொம்புப்பாட்டு, குழல்பாட்டு என்று இரண்டும் தனியிடமும் பெறுகின்றன. தன் கருவியால் எது முடியும் என்று அறிந்து அதிலேயே முழுமையைத் தேடிய மரபு அது.

செய்யவேண்டியதை எங்கே தொடங்கலாம் என்பதிலும் எனக்குத் தெளிவுண்டு. 1957இல் தொடங்கிய கேரளப் பள்ளிக் கலோத்சவத்தில் பேண்ட் மேளம் ஒரு போட்டி. 2025 ஜனவரியில் கலோத்சவம் திருவனந்தபுரத்தில் நடந்தது. பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளைகள் சீருடையோடு அணிவகுத்து ஊதும் அந்த அரங்குக்கு ஆண்டுதோறும் ஒரு புது உருப்படி எழுதச் சொல்லலாம். பொருளுக்குப் பஞ்சமில்லை: நொட்டுஸ்வரங்கள் இருக்கின்றன, 1890களில் ஏ.எம். சின்னசாமி முதலியார் சென்னையில் நம் கிருதிகளை ஐரோப்பிய ஸ்வரக்குறிப்பில் அச்சிட்டுத் தந்த ஏடுகள் இருக்கின்றன. முத்தையா பாகவதரின் நோட்டு இருக்கிறது. எழுதுகிறவருக்கு நான் வைக்கும் நிபந்தனை ஒன்றுதான். முதல் எட்டு ஆவர்த்தம் மெட்டு டியூபாவிடமும் யூஃபோனியத்திடமும் இருக்கட்டும். கார்னெட்டுகள் அதுவரை காத்திருந்து கேட்கட்டும்.